1:700, 1:350, 1:200: போர்க்கப்பல் மாதிரிக்கு எந்த அளவு, எந்த வழி?

0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த கம்பி வேலியை 1:700 அளவு (உண்மையில் எழுநூறில் ஒரு பங்கு) மாதிரி ஒன்றின் மேல்தள விளிம்பில் ஒட்டினால், உண்மைக் கப்பலில் 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தூண்களை வரிசையாக நட்டதற்கு அது சமம். அதே தகடு 1:350 அளவில் 3.5 சென்டிமீட்டராகவும், 1:200 அளவில் 2 சென்டிமீட்டராகவும் கணக்காகிறது. உண்மையான போர்க்கப்பலின் விளிம்பிலோ மெல்லிய தூண்களும், அவற்றுக்கிடையே அதைவிட மெல்லிய கம்பிக் கயிறுகளும்தான் இருந்தன. போர்க்காலக் கப்பல் ஒன்றின் துல்லியமான மாதிரியைச் செய்ய நினைப்பவர் கிட்டை (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பை) வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நுணுக்கமும் துல்லியமும் ஒன்றல்ல என்பதை இது உடனே காட்டிவிடும். 1:700 அளவில் நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கு வேலி ஒட்டி முடித்துப் பெருமையுடன் நெருங்கிப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஆட்டுப்பட்டி ஒன்றைச் சுற்றி வந்ததைப் போலத்தான் எனக்குத் தோன்றியது.

எனவே இங்கே ஒப்பிடப்படுபவை "எது அழகாக இருக்கும்" என்ற நோக்கில் அல்ல, "எது உண்மைக்கு அருகில் நிற்கும்" என்ற நோக்கில் ஒப்பிடப்படுகின்றன. முடிவெடுக்க வேண்டியவை மூன்று: எந்த அளவு, எந்தச் செய்முறை, கப்பலின் வாழ்வில் எந்த நாள். பெரும்பாலோர் அளவிலிருந்து தொடங்கி நாளைக் கடைசியில் யோசிக்கிறார்கள். அந்த வரிசை தவறு என்று கருதுகிறேன். எனினும் கேள்வி எப்போதும் அளவிலிருந்தே வருவதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் முழு நீளம் 251 மீட்டர். அது 1:700 அளவில் 36 சென்டிமீட்டர், 1:350 அளவில் 72 சென்டிமீட்டர், 1:200 அளவில் ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் வரும். மறுபுறம், அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல் அணிகளுக்குக் காவல் சென்ற ஃபிளவர் வகைக் கொர்வெட்டின் நீளம் 62.5 மீட்டர் மட்டுமே. அது அதே மூன்று அளவுகளில் 9, 18, 31 சென்டிமீட்டராக நிற்கும். நீளம் இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகவும் கொள்ளளவு எட்டு மடங்காகவும் பெருகுவதால், 1:350 பிஸ்மார்க்கை 1:700 பிஸ்மார்க்கின் இரட்டிப்பு வேலை என்று எண்ணித் தொடங்குபவர் பாதி வழியில் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

1:700 அளவின் பலம் அதன் வீச்சில் இருக்கிறது. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த தமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு 1971இல் வாட்டர்லைன் வரிசையைத் தொடங்கின. நீர்மட்டத்திற்கு மேலுள்ள பகுதியை மட்டுமே கொண்ட அந்த வரிசையே இந்த அளவை உலகெங்கும் நிலைபெறச் செய்தது. ஒரு முழுக் கடற்படை அணியை ஒரே அலமாரித் தட்டில் நிறுத்திக் கப்பல்களின் உருவத்தையும் உருமறைப்பு வண்ணங்களையும் பக்கத்தில் பக்கமாக ஒப்பிட வேண்டுமென்றால் இதற்கு மாற்று இல்லை. ஆனால் ஒரு மாலுமி இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர் உயரம்தான். ஓர் அளவுக்கு மேல் பொருளின் தடிமனே இங்கு நம்மைத் தடுத்துவிடும். கம்பி வேலி, ஏணி, ரேடார் சட்டகம் எல்லாமே உண்மையைவிடப் பருத்தே தெரியும். இந்த அளவில் வேலியை முற்றிலும் விட்டுவிடுவதே துல்லியத்திற்கு நெருக்கமானது என்று வாதிடும் பழைய கைகளோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன்.

1:200 அளவில் சிக்கல் நேரெதிரானது. அங்கே பித்தளைத் தகடு உண்மைத் தடிமனை நெருங்கிவிடுகிறது. மாலுமி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நிற்கிறான். கதவின் கைப்பிடியைக்கூடச் செய்துவிடலாம். ஆனால் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது? மேல்தளத்தில் புகைபோக்கிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டிக்குள் என்ன வைத்திருந்தார்கள், அதன் மூடி எப்படித் திறந்தது? கப்பலின் பொதுத் திட்ட வரைபடங்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை, புகைப்படங்களோ அந்த மூலையை எப்போதாவதுதான் காட்டுகின்றன. சிறிய அளவில் பிழை பொருளின் தடிமனிலிருந்து வருகிறது என்றால், பெரிய அளவில் அது நம் அறியாமையிலிருந்து வருகிறது. தெரியாததை வெறுமையாக விட்டால் 125 சென்டிமீட்டர் மேல்தளம் மொட்டையாகத் தெரியும். கற்பனையால் நிரப்பினால் அது துல்லியமான மாதிரியாக இராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 1:350 அளவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அது நடுவில் நிற்பது அல்ல. ஆவணங்கள் நமக்குத் தரும் செய்தியின் நுணுக்கமும், கை செய்யக்கூடிய நுணுக்கமும் ஏறத்தாழ ஒன்றாகச் சந்திப்பது இந்த அளவில்தான். ஓர் அர்லிகன் 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியின் நீளம் 2.2 மீட்டர்; 1:350 அளவில் அது 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். குழல், தோள்தாங்கி, கவசத் தகடு ஆகிய மூன்றும் கண்ணுக்குப் பிரிந்து தெரியும். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இந்தப் பரிந்துரை நாசகாரிகள், கொர்வெட்டுகள், இலகு குரூஸர்கள் ஆகியவற்றுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். முதன்முறையாகத் துல்லியத்தை நோக்கிச் செல்பவர் பெரும் போர்க்கப்பலைச் சிறிய அளவில் செய்வதைவிடச் சிறிய கப்பலைப் பெரிய அளவில் செய்வதே மேல். 18 சென்டிமீட்டர் கொர்வெட்டில் ஒவ்வொரு பொருளையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரால் முடியும். 72 சென்டிமீட்டர் போர்க்கப்பலில் பத்தில் ஒரு பங்கைக்கூட அப்படிப் பார்த்து முடிக்கும் முன் ஆர்வம் வடிந்துவிடும்.

இனி நாள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். போர்க்காலக் கப்பல் ஒரு பொருளன்று, தொடர்ந்து மாறிக்கொண்டிருந்த பல நிலைகளின் தொகுப்பு. ஃபிளவர் கொர்வெட்டுகள் போரின் தொடக்கத்தில் முன்பக்க உயர்தளம் குட்டையாகவும், கம்பம் கட்டளை மேடைக்கு முன்னாலும் இருக்கும்படி வந்தன. பின்னர் உயர்தளம் பின்னோக்கி நீட்டப்பட்டது, கம்பம் மேடைக்குப் பின்னால் நகர்ந்தது. ஒரு கிட்டின் பெட்டியில் இரண்டு நிலைகளுக்கான பாகங்களும் கலந்திருந்தால், கவனமற்றவர் எந்த நாளிலும் மிதந்திராத ஒரு கப்பலைச் செய்து முடித்துவிடுவார்.

பிஸ்மார்க் இதற்கு இன்னும் கூரிய எடுத்துக்காட்டு. 1940 ஆகஸ்ட் 24 அன்று பணியில் சேர்ந்து 1941 மே 27 அன்று மூழ்கிய அந்தக் கப்பலின் வாழ்வு முழுவதும் ஒன்பது மாதங்கள்தான். அதன் ஒரே போர்ப் பயணத்தைக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட பால்டிக் உருமறைப்போடு அது தொடங்கியது. மே 21 அன்று நார்வேயின் கிரிம்ஸ்டாட் ஃபியோர்டில் நின்றபோது அந்தப் பட்டைகளின் மேல் சாம்பல் நிறம் பூசப்பட்டது. மே 24 அன்று பிரித்தானியப் போர்க்கப்பல் ஹூட்டை மூழ்கடித்தபோது நாம் படங்களில் காணும் கோலம் அதற்குப் பின்னையது. ஆகவே "பிஸ்மார்க்கைச் செய்கிறேன்" என்பது முடிவாகாது. எந்த நாளின் பிஸ்மார்க் என்று சொன்னால்தான் முடிவு.

சான்று எவ்வளவு கிடைக்கும் என்பதிலும் கப்பலுக்குக் கப்பல் பெரும் வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கப்பல்களுக்கு அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பொதுத் திட்ட வரைபடத் தொகுப்புகள் இருக்கின்றன. கப்பல் தளங்கள் சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த தேதியிட்ட புகைப்படங்கள், மாற்றப்பட்ட இடங்களை வட்டமிட்டே காட்டுகின்றன. பிரித்தானியக் கப்பல்களுக்கு, கட்டி முடித்த பின் உள்ளபடியே வரைந்த வண்ண வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன. ஜப்பானியப் போர்க்கப்பல் யமாடோவின் நிலைமை வேறு: போரின் முடிவில் அதன் ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டதால், எஞ்சிய சில வரைபடங்களிலிருந்தும், வான்வழிப் படங்களிலிருந்தும், கடலடியில் கிடக்கும் சிதைவை ஆராய்ந்தும்தான் அதன் உருவம் மீட்கப்பட்டு வருகிறது. 263 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலை 1:200 அளவில் நுணுக்கமாகச் செய்ய முனைபவர், ஒவ்வொரு புதிய ஆய்விலும் தம் வேலையில் ஒரு பகுதி பழையதாகிப்போகும் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

அருங்காட்சியகக் கப்பல்களை நேரில் பார்த்து அளந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லண்டனில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கால உருமறைப்பு வண்ணத்தோடு இருந்தாலும், 1950களின் பிற்பகுதியில் நடந்த சீரமைப்பில் அதன் கட்டளை மேடையும் கம்பங்களும் மாறிவிட்டன. 1943இன் பெல்ஃபாஸ்ட்டை இன்றைய பெல்ஃபாஸ்ட்டிலிருந்து அளந்தெடுக்க முடியாது. அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் உள்ள ஃபிளெட்சர் வகை நாசகாரி யூ.எஸ்.எஸ். கிட் அப்படியல்ல, அது போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் நிலைக்கே மீட்டமைக்கப்பட்டது. அதே போல கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள ஹெச்.எம்.சி.எஸ். சாக்வில், எஞ்சியுள்ள ஒரே ஃபிளவர் கொர்வெட், 1944இன் தோற்றத்தில் பேணப்படுகிறது. 175 ஃபிளெட்சர்கள் கட்டப்பட்டன என்பதும், அவற்றிலும் வட்ட முகப்பு மேடை, சதுர முகப்பு மேடை என இரு பிரிவுகள் உண்டு என்பதும் நினைவிருந்தால், யூ.எஸ்.எஸ். கிட் கப்பலை அளந்துவிட்டு வேறொரு ஃபிளெட்சரின் பெயரை எழுதும் பிழை நேராது.

செய்முறைக்கு வருவோம். வழிகள் நான்கு: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கிட், சிறு எண்ணிக்கையில் வார்க்கப்படும் ரெசின் (ஊற்றியபின் இறுகும் திரவப் பிசின்) கிட், முப்பரிமாண அச்சு, வரைபடத்திலிருந்து முழுவதும் கையால் செய்வது.

பிளாஸ்டிக் கிட்டைத் துல்லியம் நாடுபவர்கள் ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. எஃகு அச்சில் வார்த்த கப்பலுடல் நேராகவும் சமச்சீராகவும் இருக்கும். பாகங்களைக் கரைப்பான் பசை உருக்கி ஒன்றாக்கிவிடும். தவறு நேர்ந்தால் நிரப்பித் தேய்த்துத் திருத்தலாம். அதன் குறை, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிப் பரவ வேண்டுமென்பதால் எதுவும் மிக மெல்லியதாக இருக்க முடியாது என்பதே. 1:350 கிட்டில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தடுப்புச் சுவர் உண்மைக் கணக்கில் 17.5 சென்டிமீட்டராகிறது, சிதறும் குண்டுத் துண்டுகளிலிருந்து பீரங்கி வீரர்களைக் காத்த அந்தத் தகடுகள் உண்மையில் ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. அது போலவே எஃகுத் தகடுகளின் இணைப்பு வரிகளை வாய்க்கால்களைப் போலப் பதிக்கும் கிட்டுகளும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் மேல்மடிப்பு 1:350 அளவில் 0.03 மில்லிமீட்டர்தான், அதைப் பெயிண்ட் பூச்சின் தடிமனாலேயே காட்டிவிடலாம். இவையெல்லாம் தேய்த்தும் வெட்டியும் மாற்றியும் திருத்தக்கூடிய குறைகள். திருத்த முடியாதது உடலின் வடிவம் ஒன்றே. ஆகையால் கிட்டை வாங்கியதும் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஆவணத்தோடு ஒப்பிட்டு, முன்முனையின் வளைவையும் பின்முனையின் வட்டத்தையும் பக்கவாட்டுப் படங்களோடு வைத்துப் பார்ப்பது முதல் வேலை. உடல் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பொறுமைக்குரிய வேலைதான்.

பெரிய நிறுவனங்கள் தொடாத கப்பல்களை ரெசின் கிட்டுகள் தருகின்றன. அவற்றின் மதிப்பு அதில்தான். சிலிகான் அச்சுகள் சில வார்ப்புகளிலேயே தேய்கின்றன, ரெசின் இறுகும்போது சுருங்குகிறது. 33 சென்டிமீட்டர் உடல் ஒரு சதவீதம் சுருங்கினாலே 3 மில்லிமீட்டர் குறைந்துவிடும், அதாவது 1:350 அளவில் ஒரு மீட்டருக்கு மேல். வளைந்த பாகங்களை வெந்நீரில் இட்டு நிமிர்த்தலாம். குறைந்த நீளத்தை யாராலும் நீட்ட முடியாது. ரெசினைத் தேய்க்கும்போது முகமூடியும் ஈரத்தாளும் கட்டாயம்.

முப்பரிமாண அச்சு இந்தத் துறையின் பழைய கணக்குகளைப் புரட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் எல்லோரும் சொல்லும் இடத்தில் அல்ல. முழுக் கப்பலை அச்சிடுவதைவிட, சிறு பீரங்கிகள், தொலைநோக்கி மேடைகள், படகுகள், காற்றுக் குழாய்கள் ஆகியவற்றை அச்சிடுவதில்தான் அதன் வெற்றி. ஒளியால் இறுகும் ரெசின் அச்சுப்பொறி 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக வேலை செய்யும். பித்தளையைத் தட்டையாக மடித்துச் செய்த பழைய பீரங்கிகளுக்கு இல்லாத உருட்சி அச்சுப் பாகங்களுக்கு இருக்கிறது. நீண்ட உடலைத் துண்டுகளாக அச்சிட்டு இணைக்கும்போது முறுக்கம் ஏற்படுகிறது. ஒவ்வொரு இணைப்பையும் நேராக்கும் உழைப்பு, பிளாஸ்டிக் கிட்டைத் திருத்தும் உழைப்பைவிடக் குறைந்ததன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுப்பொறி தன்னிடம் தந்த கோப்பை மட்டுமே அறியும். விளையாட்டுக்காகவோ பார்வைக்காகவோ உருவாக்கிய கோப்பு எவ்வளவு கூர்மையாக அச்சானாலும் அதன் பிழை கூர்மையான பிழையாகவே வெளிவரும். கோப்பை உருவாக்கியவர் எந்த வரைபடத்தை, எந்த ஆண்டின் நிலையைப் பின்பற்றினார் என்று சொல்லவில்லையெனில் அதை வாங்க நான் தயங்குவேன். இறுகாத ரெசின் தோலில் படாமல் கையுறை அணிவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முழுவதும் கையால் செய்வது மற்ற மூன்றோடு போட்டியிடும் ஒரு வழியன்று. அது வேறொரு வாழ்க்கை முறை என்றே சொல்லலாம். ஏராக்கட்டையும் (கப்பலின் அடி முதுகெலும்பு) குறுக்கு வெட்டுச் சட்டங்களும் வைத்து மேலே பலகை வேய்வது ஒரு முறை. மரப் பலகைகளை நீர்மட்டக் கோடுகளின்படி வெட்டி அடுக்கி ஒட்டி வளைவாகச் சீவுவது இன்னொரு முறை. இவ்வழியைத் தேர்பவருக்கு ஒரு சலுகை உண்டு: பிரித்தானிய, அமெரிக்க வரைபடங்கள் பல, ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது 1:96இல், அல்லது அதன் பாதியான 1:192இல் வரையப்பட்டவை. அதே அளவில் மாதிரியைச் செய்தால் வரைபடத்திலிருந்து கவராயத்தால் நேரே அளவெடுக்கலாம், பெருக்கல் பிழை என்பதே எழாது. ஆனால் பழைய தாள் சுருங்கியிருக்கும், நகலெடுக்கும் கருவியும் ஒரு திசையில் இழுத்திருக்கும்; வரைபடத்திலேயே உள்ள அளவுகோலை நெடுக்கிலும் குறுக்கிலும் சரிபார்க்காமல் ஒரு கோடும் மாற்றக்கூடாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் இங்கே ஒப்பிட்டுத் தேர்வதற்கு அதிகம் இல்லை. சான்று இருக்கிறது அல்லது இல்லை. அமெரிக்கக் கடற்படை 5-என், 5-எச் என எண்ணிட்ட வண்ணங்களை வகுத்திருந்தது. உருமறைப்பு 22ஆம் முறையில் கீழே அடர் நீலமும் மேலே வெளிர் சாம்பலும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதுகூட விதியில் இருந்தது. ஜப்பானியக் கப்பல்களின் சாம்பல் நிறம் குரே, சசெபோ, மைசுரு, யோகோசுகா என்று ஒவ்வொரு கடற்படைத் தளத்துக்கும் வேறுபட்டது. எனவே கப்பல் கடைசியாக எங்கே சீரமைக்கப்பட்டது என்பதே நிறத்துக்கான விடை. கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறத்தை ஊகிப்பவர்கள், ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருள் சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறியதாகவும் பதிவு செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. சிறிய மாதிரிக்கு நிறத்தைச் சற்று வெளிறச் செய்ய வேண்டுமா என்ற பழைய சச்சரவில், 1:700க்குச் சிறிதளவு வேண்டும், 1:200க்கு வேண்டாம் என்பது என் நிலை. இது கண்ணின் தீர்ப்பேயன்றிக் கணக்கின் தீர்ப்பன்று.

நீர்மட்டம் வரை மட்டுமா, முழு உடலா என்ற கேள்விக்கு என் விடை எளிது. நீரில் மிதந்த கப்பலின் போர்க்காலப் படங்கள் நீருக்கு மேலே உள்ளதையே காட்டுகின்றன. அடிப்பகுதியின் வரைபடம் கையில் இல்லையெனில் நீர்மட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான தேர்வு.

இவ்வளவையும் எனக்கே பொருத்திப் பார்த்து நான் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசி, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ஜெர்மன் குரூஸர் எம்டன்தான் என் கப்பல். நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள், மூன்று புகைபோக்கிகள். 1:350 அளவில் அது 33.8 சென்டிமீட்டர் நீளமும் 3.9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் வரும். ரெவெல் நிறுவனம் அந்த அளவில் பிளாஸ்டிக் கிட் தருவதால் உடலுக்கு அதையும், பீரங்கிகளுக்கு அச்சுப் பாகங்களையும் தேர்ந்தேன். சமாதான காலத்தின் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த மேற்கட்டுமானமும் கண்ணைக் கவர்ந்தாலும், போர்க்காலக் கப்பல் என்பதால் சாம்பல் நிறம்தான். நாளில்தான் தடுமாறினேன். பிரித்தானியக் குரூஸரைப் போலத் தோன்றுவதற்காக எம்டன் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்திக்கொள்ளும். 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அதுவும் நின்றது. வேண்டும்போது ஏற்றி இறக்கிய பொருள் என்பதால், என் மாதிரியிலும் அதை ஒட்டாமல், எடுத்து வைக்கும்படி தனியாகச் செய்து வைத்திருக்கிறேன்.